மணலுக்கும் களிமண்ணுக்கும் ஒரே உயரம்

என் மனைவி சுலோச்சனாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையிலிருந்து குழாய் வழியாக வெளியே போய், நீளமான ஒரு குப்பிக்குள் நுழைந்து, மறுபடி அதே கைக்குத் திரும்பி வரும் ரத்தம். டயாலிசிஸ் அறையில் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் சுவரில் ஓடும் டிவியைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் பால்காரன் அளந்து ஊற்றுவதைப் பார்க்கிறமாதிரி பார்ப்பாள், போனது குறையாமல் வருகிறதா என்று. "கெணத்து மோட்டாரை நிறுத்தினீங்களா?" என்றாள் முகத்தைத் திருப்பாமலே. எனக்கு நினைவில்லை. "போய் நிறுத்திட்டு வாங்க. டேங்கு ரொம்பித் தெருவெல்லாம் ஓடும், ஜமீலா சத்தம் போடும்." மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினேன், நனைந்த செருப்புகளை எடுத்து வெயிலில் வைத்தேன், திரும்பிப் போனபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தச் செருப்பை நான் ஏன் வெயிலில் வைத்தேன், யாருடைய செருப்பு அது, இப்போது அதை ஏன் நினைக்கிறேன் என்றால் பின்கட்டில் அதே கிணற்றுக்குள் இன்றைக்கு மறுபடியும் ஒரு மோட்டார் இறங்கப்போகிறது. தேவராஜ் மெக்கானிக் காலையிலேயே வந்துவிட்டான். கிணற்றின் மேல் கிடந்த கடப்பாக்கல்லை நான்கு பேர் சேர்ந்து நகர்த்திய சத்தம் என் பல்லில் கூசியது. நான் போகவில்லை. நான் முன் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் சாம்பல் நிற வட்டங்கள், அவைதான் மண். வட்டங்களுக்கு நடுவில் சிவப்புப் புள்ளிகள், அவைதான் துகள்கள். அவை நடுங்குகின்றன, மோதுகின்றன, விலகுகின்றன, ஓரத்துக்குப் போகின்றன. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை மோட்டார் ஓடுவதற்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது என்ன சந்தேகம் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி எங்கோ உறுத்துகிறது, கழற்றி உதறினால் எதுவும் விழுவதில்லை.

"இன்னா ரத்னம் அண்ணே, வெளியே நெஜக் கிணறு தொறந்து கெடக்குது, நீங்க உள்ள ஒக்காந்து பொம்மைக் கிணறு வெட்டிக்கினு கீறீங்க?" ஜன்னலில் அன்சார் பாய். பக்கத்து வீடு, ஜமீலாவின் வீட்டுக்காரர். கிணறு எங்கள் இருவருக்கும் பொது, நடுச்சுவர் கிணற்றின் மேலேயே வளைந்து போகும், பாதி வாய் எங்கள் பக்கம், பாதி அவர் பக்கம். சுலோச்சனா போன பிறகு நான் ஆள் வைத்துக் கல்லைப் போட்டு மூடியபோது பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பக்கத்துப் பாதிக்கும் சேர்த்துத்தான் மூடுகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு ஓரத்தைத் தானே பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். இத்தனை வருஷம் அவர் வீட்டிலும் தெருக்குழாய்தான், லாரித் தண்ணிதான். "வர்றேன் பாய், ஒரு வேலை." "உங்க வேலைதான் முடிஞ்சு போச்சே, நீங்கதானே சொன்னீங்க, வெஷம் வராது, அங்கேயே நின்னுடும்னு. உங்க வாய்ச் சொல்லை நம்பித்தான் பைப்பு இறக்குறோம்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். நீங்கதானே சொன்னீங்க. ஆமாம், சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் ஹேமா கேட்டாள், "நைனா, கெணத்துத் தண்ணி குடிக்கலாமா, நெஜமாச் சொல்லு." குடிக்கலாம் என்றேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவார்கள், இவள் அம்மா இல்லாத வீட்டுக்கு வந்திருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருக்குழாயில் வரிசையில் நின்று, ஒரு கையை இடுப்பில் கொடுத்து, ஒரு கையில் குடத்தைத் தூக்கி வருகிறாள், நான் வாங்கப் போனால் "உன் முதுகு என்னத்துக்கு ஆகும், விடு" என்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்து நான் குடிக்கலாம் என்று சொன்னேனா, அல்லது திரையில் வந்த கோட்டைப் பார்த்துச் சொன்னேனா. கோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். கோடு தட்டையாக இருந்தது.

கோடு என்றால் இதுதான். எங்கள் தெருவுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், மூடிப்போன ஒரு தோல் கம்பெனி இருக்கிறது. கம்பெனி போய்விட்டது, கழிவு மேடு மட்டும் அங்கேயே கிடக்கிறது, மழை பெய்தால் அதன் காலடியில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கும், ஆடுகூட வாய் வைக்காது. தோலைப் பதப்படுத்தும் குரோமியம். அந்த மேட்டுக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் மண்தான். மண் என்றால் நாம் திடமாக நினைக்கிறோம், அது திடமில்லை, பாதிக்குப் பாதி சந்துதான், மணிக்கும் மணிக்கும் நடுவில் சந்து, சந்துக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் அது. போன கோடையில் கடப்பாக்கல்லைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனோம், நானும் பாயும். அளவுக்குள்தான் இருக்கிறது என்றார்கள். பாய் சந்தோஷப்பட்டார். நான் அங்கே ரிப்போர்ட் கொடுத்த பெண்ணிடம், அடுத்த வருஷம் எப்படி இருக்கும், பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவள் நல்லவிதமாகத்தான் சொன்னாள்: "பாட்டில்ல இருக்கிறதைத்தான் சார் நாங்க பாப்போம். மண்ணுக்குள்ள வந்துக்கிட்டிருக்கிறதை எப்படிப் பாக்கிறது?" அதைத்தான் நான் பார்க்கிறேன், அல்லது பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் கடை வைத்திருந்தேன், கம்ப்யூட்டர் அப்படிப் பழகியது. புரோகிராம் எழுதுவது டயாலிசிஸ் அறைக்கு வெளியில் காத்திருந்த மணி நேரங்களில் பழகியது. ஒருநாள் அங்கிருந்த டெக்னீஷியன் பெண், உபயோகம் முடிந்த வடிகட்டியைக் காட்டினாள், உள்ளே முடிக்கற்றை மாதிரி ஆயிரக்கணக்கில் மெல்லிய குழாய்கள். "ஒவ்வொரு முடியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு அங்கிள். அழுக்கு அது வழியாப் போயிடும், ரத்தம் நின்னுக்கும்." எது அழுக்கு, எது ரத்தம் என்று ஓட்டைக்கு எப்படித் தெரியும்? அவள் சிரித்துவிட்டாள். "ஓட்டைக்கு எதுவும் தெரியாது அங்கிள். பெருசு சிறுசு, அவ்ளோதான்." ஓட்டைக்கு எதுவும் தெரியாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு புள்ளி, நான்கு பக்கமும் இஷ்டத்துக்கு அடி வைக்கும், எதிரில் வட்டம் வந்தால் நிற்கும், வேறு பக்கம் திரும்பும். அதுதான் நான் எழுதிய முதல் புரோகிராம். சுலோச்சனா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "இது என்னாங்க, குடிச்சவன் மாதிரி போவுது?" என்றாள். "குடிச்சவன்தான். ஆனா இவனுக்கு ஊடு எங்கன்னு தெரியாது." "அப்ப இவன் எப்ப ஊடு போய்ச் சேருவான்?" அவள் போன பிறகு ஒரு புள்ளி நூறாயிற்று, நூறு ஆயிரமாயிற்று. ஹேமா போனில் அவள் வீட்டுக்காரரிடம், "எங்க நைனா எறும்பு வளக்குறாரு" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

கழிவு மேட்டிலிருந்து கிணறு வரைக்கும் உள்ள மண் முழுவதையும் என் கம்ப்யூட்டருக்குள் போட முடியாது, அது மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் கொஞ்சம் மண். பெட்டியின் வலது ஓரத்தில் வெளியே போகிற துகள் இடது ஓரத்தில் உள்ளே வரும். மேலே போனால் கீழே வரும். ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப ஒட்டி அடுக்கினால் எவ்வளவு நீள மண்ணும் ஆகிவிடும் அல்லவா, அப்படி ஒரு கணக்கு. எனக்கு இது உடனே பிடிபட்டது, டைப் செய்கிறபோது எழுத்து வலது ஓரத்தைத் தொட்டால் அடுத்த வரியில் இடது ஓரத்தில் வரும், அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். பிறகு, ஒவ்வொரு துகளும் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, சராசரி எடுத்து, நேரத்துக்கு எதிராகக் கோடு போட வேண்டும். கோடு ஏறிக்கொண்டே போனால் விஷம் நடந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். தட்டையானால் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எங்கள் பக்கத்து மண் களிமண், அதையே முதலில் போட்டேன். கோடு கொஞ்ச தூரம் ஏறியது, வளைந்தது, தட்டையாகிவிட்டது. களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எங்கெங்கோ படித்திருந்தேன், அதுவும் ஒத்துப்போயிற்று. அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது வரவில்லை. இனிமேலும் வராது. அப்படியானால் முன்னாலும் வந்திருக்காது. அப்படியானால் நாங்கள் கல்யாணமான நாளிலிருந்து குடித்த தண்ணீரில், அவள் சோறு பொங்கிய தண்ணீரில், மத்தியானம் வெயிலில் வந்து சொம்போடு அண்ணாந்து கடகடவென்று குடிப்பாளே அந்தத் தண்ணீரில், ஒன்றும் இல்லை. கிட்னி ஏன் போயிற்று என்று டாக்டரிடம் கேட்டபோது அவர் கையை விரித்தார், பல காரணம் இருக்கும், காரணமே இல்லாமலும் போகும் என்றார். காரணமே இல்லாமல் போயிற்று. எனக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் உறுத்தல் அங்கேதான் ஆரம்பித்தது. சும்மா இருக்காமல் மணலைப் போட்டுப் பார்த்தேன். சந்து பெரியது, துகள் சுலபமாக ஓட வேண்டும். அதிலும் கோடு ஏறிற்று, வளைந்தது, தட்டையாயிற்று. கொஞ்சம் சீக்கிரமாகத் தட்டையாயிற்று. உயரம் மட்டும் அதே உயரம். களிமண்ணுக்கு எங்கே நின்றதோ மணலுக்கும் அங்கேயே. சரளைக் கல்லுக்கும் அங்கேயே. ஸ்கேல் வைத்துத் திரையில் அளந்தேன், மயிரிழை வித்தியாசம். மணலுக்கும் களிமண்ணுக்கும் எப்படி ஒரே உயரம்? ஆற்று மணலில் தண்ணீர் ஊற்றினால் குடிக்கும், களிமண்ணில் ஊற்றினால் நிற்கும், இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

"நைனா, காபி." ஹேமா. ஒரு கையில் டம்ளர், ஒரு கை கதவில். மூச்சு வாங்குகிறது. "ஒக்காரும்மா." "ஒக்காந்தா எழுந்திருக்க முடியல, நின்னுக்கிறேன். இன்னா இன்னைக்கு எறும்பெல்லாம் வேகமா ஓடுது?" "மணலு." "எல்லாம் ஒண்ணாத்தான் கீது." எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது. அவள் போகவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அம்மா நின்ற அதே இடம், அதே மாதிரி ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்து. "ஜமீலா மாமி சொல்றாங்க, மொதல் தண்ணி நான்தான் குடிக்கணுமாம். வயித்துப் புள்ளைக்குத்தான் மொதல்ல காட்டணுமாம்." "அப்படி ஒரு பழக்கமா?" "இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருப்பாங்க." சிரிக்கிறாள். "லாரித் தண்ணியில போட்ட காபி நைனா, மூஞ்சியைச் சுளிக்காமக் குடி. நாளைலேர்ந்து கெணத்துத் தண்ணி." போய்விட்டாள். காபியில் குளோரின் வாடை. சுலோச்சனா சொல்வாள், நம்ம கெணத்துத் தண்ணியில வெறும் கொத்தமல்லி போட்டுக் கொதிக்க வச்சாலே ருசிங்க என்று. என்ன ருசி அது. எதனால் வந்த ருசி. வேண்டாம், அங்கே போகாதே. மண்ணைப் பார். பின்கட்டில் தேவராஜ் யாரையோ திட்டுகிறான், "கயித்தைத் தளத்து, தளத்துன்னா தளத்தணும், வுட்டுடச் சொல்லல." மோட்டார் இறங்குகிறது. திடீரென்று ஒன்று தோன்றுகிறது, ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. மண்ணையே எடுத்துவிட்டால் என்ன? வட்டங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் தண்ணீரில் துகள்களை விட்டால்? அங்கே பிடித்து வைக்க எதுவும் இல்லை, கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும், போனால் என் கணக்கு சரி, மணலுக்கும் களிமண்ணுக்கும் ஏதோ காரணத்தால் ஒத்துப்போயிற்று என்று விட்டுவிடலாம். ஒரு வரியை அழிக்கிறேன். திரை காலியாகிறது, வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் மட்டும், தடுக்க ஒரு மணல்கூட இல்லை. ஓட விடுகிறேன். கோடு ஏறுகிறது. ஏறு. ஏறு. வளைகிறது. வளையாதே. தட்டையாகிறது. ஸ்கேலை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அதே உயரம், எனக்குக் கண்ணுக்குப் பழகிப்போன உயரம். மண்ணே இல்லாத இடத்தில் எது இவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது? காபி ஆறுகிறது. மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை பின்வாசல் பக்கம் போய் முட்டித் திரும்புகிறது. அந்தப் பின்வாசலை நான் பார்க்கிறேன், பிறகு முன்வாசலைப் பார்க்கிறேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டும் தெரியும், நடுக்கூடம் தெரியும், வேறு எதுவும் தெரியாது. மோட்டார் போடுவதற்கு முந்தைய காலம். காலையில் கூடத்தைத் துடைத்துவிட்டால் சுலோச்சனா அந்த ஈரத்தில் யாரையும் கால் வைக்க விடமாட்டாள், தானும் வைக்கமாட்டாள். பின்வாசல் வழியாகக் குடத்தோடு கிணற்றடிக்குப் போவாள், இறைத்து நிரப்பிக்கொண்டு வீட்டின் பக்கச் சந்து வழியாகச் சுற்றி, முன்வாசலில் நுழைந்து இந்த அறையில் இருக்கும் பானையில் ஊற்றுவாள். நான் இங்கே புரூஃப் திருத்திக்கொண்டிருப்பேன். பின்வாசலில் மறைவாள், முன்வாசலில் வருவாள். பின்வாசலில் மறைவாள், முன்வாசலில் வருவாள். எனக்கு அவள் எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு தைலம் தேய்த்தாள். "நாள் பூரா ஊட்டுலதானே கீற, கால் வலின்னா எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன், கிண்டலாகத்தான் கேட்டேன். அவள் தைலப் புட்டியை மூடிக்கொண்டே சொன்னாள், "ஊட்டுலதான் கீறேன். எத்தினி வாட்டி சுத்தினேன்னு எண்ணிக் கூட்டிப் பாருங்க, மெட்ராஸுக்கே போய்ச் சேந்திருப்பேன்."

சுற்று. சுற்றை நான் எண்ணவில்லை. டம்ளரை எங்கே வைத்தேன், கீழே, காலில் படுகிறது, படட்டும். துகள் வலது ஓரத்தில் வெளியே போய் இடது ஓரத்தில் உள்ளே வருகிறதே, அது திரும்பி வந்த துகள் இல்லை, அடுத்த பெட்டிக்குள் போய்விட்ட துகள். நான் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பக் காட்டுவதால் திரும்பி வந்த மாதிரி தெரிகிறது. தூரத்தை அளக்கிறபோது, இத்தனை முறை ஓரத்தைத் தாண்டியது என்று எண்ணி அத்தனை பெட்டி நீளத்தைச் சேர்த்துக் கூட்ட வேண்டும். நான் சேர்க்கவில்லை. இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன், புறப்பட்ட இடத்திலிருந்து கழித்தேன், பெட்டிக்குள்ளேதான் இருக்கிறாய், எங்கே போய்விட்டாய் என்று கேட்டேன். பெட்டிக்குள் இருக்கிறவர்கள் பெட்டியைவிடப் பெரிய தூரம் எப்படிப் போக முடியும்? அதுதான் அந்த உயரம். அது மண்ணின் உயரம் இல்லை, என் பெட்டியின் உயரம். களிமண்ணும் இல்லை மணலும் இல்லை, நான் அளந்தது என் பெட்டியை. எழுத வேண்டியது இரண்டு வரி. வலது ஓரத்தைத் தாண்டினால் ஒன்று கூட்டு, இடது ஓரத்தைத் தாண்டினால் ஒன்று கழி. விரல் வழுக்குகிறது. தப்பாக அடித்துவிட்டேன், கம்ப்யூட்டர் சிவப்பில் திட்டுகிறது, திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு சமயம் பெண் வீட்டு ஊரை மாப்பிள்ளை வீட்டு ஊராகப் போட்டுவிட்டேன், ஆயிரம் பத்திரிகை, அடித்த பிறகுதான் தெரிந்தது, அப்போதுகூட இப்படி நெஞ்சு அடிக்கவில்லை. களிமண்ணைத் திரும்பப் போடுகிறேன். ஓடு. கோடு ஏறுகிறது. நேற்று வளைந்த இடத்துக்கு வருகிறது. வளையவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஆனால் ஏறுகிறது. படம் போதாமல் மேல் விளிம்பில் முட்டுகிறது, படத்தைப் பெரிதாக்குகிறேன், அங்கேயும் ஏறுகிறது. எப்போது வரும்? எப்போது வந்தது? விசையை அழுத்தினால் ஒரு வருஷக் கணக்கு சொல்லும், அழுத்தினேன், சொல்லிற்று. களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவை ஒரு துளி மாற்றி மறுபடி அழுத்தினேன். வேறு வருஷம் சொல்லிற்று. முதல் கணக்கில் அது ஹேமாவின் பிள்ளை கிழவனாகிறபோது வருகிறது. இரண்டாவது கணக்கில் சுலோச்சனா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பரிசோதனையில் அளவுக்குள் என்றுதானே சொன்னார்கள், இல்லவே இல்லை என்று சொல்லவில்லையே. இரண்டில் எது என்று என்னிடம் இருக்கும் எதையும் வைத்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது நிற்கவில்லை. இன்னொன்றும் தெரியும், நான் கணக்கிலேயே சேர்க்காதது: மோட்டார் போட்டுத் தண்ணீரை இழுத்தால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எல்லாமே கிணற்றைப் பார்த்து இன்னும் வேகமாக வரும். பின்கட்டில் ஒரு உறுமல். பைப்பு இருமுகிற சத்தம், காற்றைத் துப்புகிற சத்தம், பிறகு ஜமீலாவின் குரல், "வந்துடுச்சு, வந்துடுச்சு, புள்ளத்தாச்சிக்கு வழி வுடுங்க."

எழுந்தேன். காபி டம்ளர் உருண்டது. கூடத்தைக் கடக்கிறபோது ஈரமாக இருக்கிறதா என்று காலைப் பார்த்தேன், யாரும் துடைக்கவில்லை, காய்ந்துதான் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் ஒன்றும் செய்யாது, எனக்குத் தெரியும், கோடையில் பாட்டிலில் எடுத்த தண்ணீர் அளவுக்குள்தான் இருந்தது, ஒரு டம்ளரில் யாருக்கும் எதுவும் ஆகாது, அதைச் சொல்லிக்கொண்டேதான் ஓடினேன், இந்த வயதில் ஓடினேன். பைப்பிலிருந்து தண்ணீர் முதலில் கலங்கலாக வந்து, இப்போது தெளிந்து, வெயிலில் கண்ணைக் கூசும்படி விழுந்துகொண்டிருந்தது. ஹேமா கையில் எவர்சில்வர் டம்ளர். "நிறுத்து," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "தேவராஜு, மோட்டாரை நிறுத்து!" நிறுத்தினான். என் குரல் அத்தனை உரக்க வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "இன்னா அண்ணே, ஷாக் அடிக்குதா?" அன்சார் பாய் ஓடிவந்தார். "குடிக்க வேணாம் பாய். யாரும் குடிக்க வேணாம்." "நீங்கதானே அண்ணே..." "நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். கணக்குல சுத்தை எண்ணாம வுட்டுட்டேன்." "இன்னா சுத்து?" எப்படிச் சொல்வது? "அது நிக்கல பாய். வந்துக்கினுதான் கீது. எப்ப வரும்னு எனக்குத் தெரியல. வராதுன்னு மட்டும் சொல்ல முடியாது." பாய் கிணற்றைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், வேட்டியில் தெறித்திருந்த ஈரத்தைப் பார்த்தார். ஜமீலா மெல்லிய குரலில் கேட்டாள், "துணி தொவைக்கலாமா அண்ணே? அதுக்காவது?" துவைத்தாலும் மோட்டார் இழுக்கத்தானே இழுக்கும் என்றேன், சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேவராஜ் ஸ்பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "சார், நான் இப்ப மாட்டுறேனா, கழட்டுறேனா? ஒண்ணு சொல்லுங்க, அடுத்த ஊட்டுல சமையலுக்கே தண்ணி இல்லாம எனக்காக ஒக்காந்துனு கீறாங்க." பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது முழுச் சிரிப்பு இல்லை. "கழட்டுப்பா. கம்ப்யூட்டரை நம்பி இறக்கினோம், அதே கம்ப்யூட்டரை நம்பி ஏத்துறோம். நாளைக்கு இன்னா சொல்லுமோ, அண்ணனைத்தான் கேக்கணும்." ஹேமாவைத் திரும்பிப் பார்த்தேன். டம்ளரில் பாதிதான் இருந்தது. மீதியைக் குடித்துவிட்டாள் என்று அப்போதுதான் பார்த்தேன். "ஒண்ணும் ஆவாதும்மா, அரை டம்ளர் ஒண்ணும் பண்ணாது," என்றேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அம்மா குழாயைப் பார்த்தாளே அப்படி. "அம்மாவுக்கு இதனாலதானா நைனா?"

தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், நான் எதையாவது மறைக்கிறேனா என்று. மறைக்கவில்லை, மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் கணக்கு, இரண்டாவது கணக்கு, இரண்டையும் அவளிடம் சொல்லலாம், ராத்திரிக்குச் சொல்வேன், அவள் கேட்டால். இப்போது அவள் டம்ளரைச் சாய்த்து மிச்சத் தண்ணீரைக் கிணற்றடி மண்ணில் ஊற்றினாள். மண் அதைக் குடித்தது, ஒரு கறுப்பு வட்டம் விரிந்தது, விரிந்துகொண்டே போய் ஓரம் மங்கி, எது ஈரம் எது காய்ந்தது என்று சொல்ல முடியாமல் ஆயிற்று. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நைனா, உள்ள போ, வெயில்," என்றாள். தேவராஜ் கயிற்றை இழுத்தான், மோட்டார் சொட்டச் சொட்ட மேலே வந்தது. பைப்பைச் சுருட்டி அவன் வண்டியில் வைத்துக் கட்டுகிறவரைக்கும் பாய் ஒரு பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "லாரிக்குச் சொல்லிடட்டுமா, ரெண்டு ஊட்டுக்கும்?" என்றார். சொல்லுங்கள் என்றேன். ஜமீலா ஹேமாவின் தோளைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள், "வாடி, எங்க ஊட்ல மொச்சைக் கொழம்பு, உங்க நைனா எறும்புக்குத் தீனி போடட்டும்" என்று அவள் சொல்வது கேட்டது. இரண்டு பேரை இன்னும் தெருவிலிருந்து கூப்பிட்டார் பாய். கடப்பாக்கல்லின் ஒரு ஓரத்தை அவர் பிடித்தார், எதிர் ஓரத்தை நான் பிடித்தேன். மூடுவதற்கு முன்னால் நான் குனிந்து பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.